வெயில் நாட்டில் விற்றமின் ‘டி’யும் இளையோர் மனச்சோர்வும்

பூமத்திய ரேகைக்கு வடக்கே ஆறு பாகைக்கும் பத்துப் பாகைக்கும் இடையில் அமைந்துள்ள எமது தீவில் ஆண்டின் எந்த மாதத்திலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும், வெயிலினால் உடலில் உண்டாகும் ஒரு சத்து எம்மவரிடம் குறைவாக இருக்கிறது என்று வைத்தியர்கள் சொல்வது வழமையாகிவிட்டது. அதனோடு இன்னொரு கூற்றும் சேர்ந்துகொண்டுள்ளது. இளவயதினரின் மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் இந்த விற்றமின் ‘டி’ குறைபாடே காரணம் என்பதே அது. கைத்தொலைபேசிக்கு வந்துசேரும் காணொளிகள் அவ்வாறு கூறுகின்றன. குளிசை விற்போரின் விளம்பரங்கள் கூறுகின்றன. அயலவரும் உறவினரும் அதையே திருப்பிச் சொல்கின்றனர். முகம் வாடி, உறக்கம் கெட்டு, எவருடனும் பேசாதிருக்கும் மகனையோ மகளையோ பெற்றோர் முதலில் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் நிலை இவ்வாறே உருவாகிறது.

இக்கூற்றில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை நாம் பிரித்தறிய வேண்டியுள்ளது. பிழையான விடையை நம்பிக் காத்திருக்கும் மாதங்கள், நோயுற்ற இளையவர் ஒருவருக்குத் திரும்பக் கிடைக்காத மாதங்களாகும். சில வேளைகளில் அவை உயிரோடு சம்பந்தப்பட்ட மாதங்களாகவும் அமைந்துவிடுகின்றன.

விற்றமின் என்ற பெயர் இச்சத்துக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. பெரும்பாலான விற்றமின்களை நாம் உணவின் மூலமே பெறவேண்டும். விற்றமின் ‘டி’யையோ எமது தோலே ஆக்கிக்கொள்கிறது. சூரிய ஒளியிலுள்ள ஒருவகைப் புற ஊதாக் கதிர் தோலில் பட்டதும் அங்குள்ள ஒரு கொழுப்புப் பொருள் மாற்றமடைகிறது. பின்னர் ஈரலிலும் சிறுநீரகத்திலும் மேலும் மாறி, ஒரு ஹோமோனைப் போன்று தொழிற்படத் தொடங்குகிறது. கல்சியத்தை உணவிலிருந்து உறிஞ்சவும் எலும்பை உறுதியாக வைத்திருக்கவும் அது இன்றியமையாதது. இந்தக் கதிர் யன்னல் கண்ணாடியை ஊடுருவுவதில்லை. எனவே கண்ணாடிக்கு அப்பால் எரிக்கும் வெயிலைக் குளிரூட்டப்பட்ட அறைக்குள் இருந்து பார்ப்பதனால் எப்பயனும் இல்லை. தோல் கறுக்கக் கறுக்க அதிலுள்ள நிறப்பொருள் கதிரைத் தடுத்துவிடுவதால், வெள்ளையருக்குச் சில நிமிடங்களில் கிடைப்பதைப் பெற எம்மவர் கூடுதலான நேரம் வெயிலில் நிற்கவேண்டியுள்ளது. உணவில் சாளை, கும்பளா போன்ற கொழுப்பு மீன்களிலும் முட்டை மஞ்சட் கருவிலும் அது ஓரளவு உண்டு. மரக்கறி மாத்திரம் உண்போருக்கு அந்த வழியும் பெரிதாக இல்லை.

எம்மோடு நேரடியாகத் தொடர்புடைய ஓர் ஒப்பீடு 2008ஆம் ஆண்டில் பிரித்தானியப் போசணைச் சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. கண்டியில் வாழும் இலங்கையரின் இரத்தத்திலும், நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவில் குடியேறிய இலங்கையரின் இரத்தத்திலும் விற்றமின் ‘டி’ அளவை நோர்வே, இலங்கை ஆய்வாளர்கள் சேர்ந்து அளந்தனர். கண்டியில் சராசரி லீற்றருக்கு 54 நனோமோல். ஒஸ்லோவிலோ 31 நனோமோலுக்குச் சற்று அதிகம் மட்டுமே. நோர்வேயில் குடியேறிய இலங்கையருள் மிகப் பெரும்பான்மையோர் தமிழர் என்பது வாசகர்கள் அறிந்ததே. ஒரே மரபினர், ஒரே தோல் நிறத்தினர், ஏறத்தாழ ஒரே உணவுப் பழக்கத்தினர். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்தே செல்லும் ஒரு நாட்டுக்கு இடம்பெயர்ந்ததும் அவர்களின் அளவு இவ்வளவுக்குச் சரிந்துள்ளது.

அந்த ஒப்பீட்டில் பலர் ஒஸ்லோவின் எண்ணையே கவனிப்பர். எமக்கோ கண்டியின் எண்ணே கூடுதலாகச் சிந்திக்க வைக்கிறது. எலும்பு நலத்துக்கு ஏறத்தாழ எல்லோருக்கும் போதுமானது என அமெரிக்க மருத்துவ நிறுவகம் 2010இல் வகுத்த எல்லை 50 நனோமோல். வெயில் குறையாத கண்டியில் சராசரியே அந்த எல்லையை ஒட்டி நிற்குமாயின், அதற்குக் கீழே உள்ளோர் பலர் என்பது சொல்லாமலே விளங்கும். ஆகவே குறைபாடு வெறும் கட்டுக்கதையன்று. அது எம்மிடம் உண்டு. ஆனால் அந்த ஒப்பீடு மனநிலையைப் பற்றிய ஆய்வன்று என்பதையும் இங்கு சொல்லிவிட வேண்டும்.

மனநிலையோடு தொடர்புபடுத்தி இளவயதினரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளும் உள்ளன. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், 18 முதல் 25 வயதுக்கு உட்பட்ட 185 பல்கலைக்கழக மாணவியரைச் சில வாரங்கள் தொடர்ந்து அவதானித்த ஆய்வு 2015இல் வெளியாயிற்று. ஆரம்பத்தில் விற்றமின் ‘டி’ குறைந்திருந்தோரிடம் மனச்சோர்வுக் குறிகள் கூடுதலாகக் காணப்பட்டன. நியூஸிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 615 இளையோரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வும், அவர்கள் வெளியில் கழிக்கும் நேரத்தைக் கணக்கில் எடுத்த பின்னரும் அத்தகைய தொடர்பையே கண்டது. அதற்கு முன்னர், 2013இல், பல நாடுகளில் வெளியான ஆய்வுகளில் இடம்பெற்ற 31,424 பேரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், மனச்சோர்வு உள்ளோரிடம் இச்சத்து குறைவாக இருப்பது தெரியவந்தது. மூளையின் பல பகுதிகளில் விற்றமின் ‘டி’யை ஏற்கும் வாங்கிகள் உண்டு என்பதும் கண்டறியப்பட்ட விடயமே. ஆகவே மனத்துக்கும் இச்சத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் இரண்டு விடயங்கள் சேர்ந்து காணப்படுவது வேறு, ஒன்று மற்றொன்றை உண்டாக்குவது வேறு. மனச்சோர்வுற்ற இளைஞன் என்ன செய்கிறான்? கதவைச் சாத்திக்கொள்கிறான். நண்பகல் வரை படுத்திருக்கிறான். விளையாட்டைக் கைவிடுகிறான். உணவை ஒதுக்குகிறான். ஒரு மாதம் இவ்வாறு கழிந்தபின் அவனது இரத்தத்தைப் பரிசோதித்தால் விற்றமின் ‘டி’ குறைவாகத்தானே இருக்கும்? மனச்சோர்வின் விளைவை அதன் காரணம் என்று நாம் வாசித்துவிடுகிறோம். வறுமை, உடற்பருமன், நீண்டகால நோய், இரவுவேலை ஆகிய ஒவ்வொன்றும் மனத்தையும் வாட்டும், இச்சத்தையும் குறைக்கும். அவ்விடத்தும் இரண்டும் ஒன்றாகவே காணப்படும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஆய்வாளர்கள் பரம்பரை அலகுகளின் உதவியை நாடினர். பிறப்பிலேயே விற்றமின் ‘டி’ சற்றுக் குறைவாக அமையும் மரபுக்கூறு உடையோர் உள்ளனர். குறைபாடே காரணமாயின் இவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்பட வேண்டும். சுவீடன் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில் அவ்வாறு காணப்படவில்லை.

இன்னொரு மயக்கத்தையும் இங்கு தெளிவுபடுத்துவது நலம். வடநாடுகளில் குளிர்காலம் தோறும் வந்து வசந்தத்தில் நீங்கும் மனச்சோர்வு ஒன்று உண்டு. 1984இல் நோர்மன் ரோசன்தால் என்ற உளமருத்துவரும் அவரது சகாக்களும் அதனை விவரித்தனர். அதற்குப் பிரகாசமான விளக்கொளி சிகிச்சையாக அளிக்கப்படுகிறது. ஒளியால் குணமாகும் நோய் என்பதால் அது விற்றமின் ‘டி’ குறைபாடே எனப் பலர் முடிவுகட்டிவிடுகின்றனர். உண்மையில் அந்த விளக்குகளில் புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டுவிடுகிறது. அந்த ஒளி தொழிற்படுவது கண்ணின் வழியாக, உடலின் உறக்கம் விழிப்பு ஒழுங்கின் மீது. தோலுக்கும் விற்றமின் ‘டி’க்கும் அங்கு வேலையில்லை. காலை வெயிலில் நடப்பவரின் மனம் இலேசாவதற்குப் பின்னால் ஒளி உண்டு, நடை உண்டு, எதிர்ப்படுபவரோடு பேசும் இரண்டு வார்த்தைகளும் உண்டு. இவற்றில் எதையும் குளிசைக்குள் அடைக்க முடியாது.

குளிசை கொடுத்தே பார்த்தவர்களும் உள்ளனர். அமெரிக்காவில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 18,353 பேருக்கு, ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 2,000 அலகு விற்றமின் ‘டி’யும் மறு சாராருக்கு வெறும் குளிசையும் வழங்கப்பட்டன. 2020இல் முடிவு வெளியானபோது, மனச்சோர்வு ஏற்படுவதில் இரு சாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இது முதியோரைப் பற்றியது, இளையோருக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயமான கேள்வியே. இளவயதினரிடம் இத்தகைய பெரும் பரிசோதனை நடைபெறவில்லை. மறுபுறத்தில், 41 பரிசோதனைகளில் பங்குபற்றிய 53,235 பேரின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பின்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2022இல் வெளியிட்ட கட்டுரை, ஏற்கெனவே மனச்சோர்வுக் குறிகள் உள்ளோருக்கு இச்சத்தினால் ஓரளவு பயன் காணப்படுகிறது என்றது. ஆனால் அதற்கான சான்றின் உறுதி மிகக் குறைவு என்பதையும் அக்கட்டுரையே கூறியது. விளம்பரங்கள் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டன.

இரத்த அறிக்கையில் சிவப்பு எழுத்தில் அச்சாகும் அந்த எண்ணின் கதையும் சுவையானது. ஒரு மில்லிலீற்றருக்கு 20 நனோகிராம், அதாவது மேலே கூறிய 50 நனோமோல், போதும் என மருத்துவ நிறுவகம் கூறிய சில மாதங்களிலேயே, எண்டோகிரைன் சொசைட்டி எனப்படும் ஹோமோன் நோய் வல்லுநர்களின் அமெரிக்கச் சங்கம் 30 இருக்கவேண்டும் என 2011இல் அறிவித்தது. எல்லைக்கோட்டை இருபதிலிருந்து முப்பதுக்கு நகர்த்தியதும், எவ்வித மாற்றமும் அடையாத கோடிக்கணக்கான மனிதர்கள் குறைபாடு உடையோர் ஆகிவிட்டனர். அதே சங்கம் 2024இல் அந்த முப்பது என்ற எல்லையைக் கைவிட்டது. வேறு காரணமின்றி ஆரோக்கியமான வளர்ந்தோரின் இரத்தத்தில் இதனை அளக்க வேண்டியதில்லை என்றும், 50 வயதுக்குக் குறைந்த ஆரோக்கியமான வளர்ந்தோர் நாளாந்தத் தேவைக்கு மேற்பட்ட அளவில் இதனை உட்கொள்ள வேண்டியதில்லை என்றும் அது பரிந்துரைத்தது. இச்செய்தி எமது மருந்துக்கடை வாயில்களுக்கு இன்னும் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவு சான்றுகளுக்குப் பின்னரும் ஒரு குடும்பம் ஏன் இந்த விடையை விரும்புகிறது என்பதே எமக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. மகளுக்கு விற்றமின் குறைவு என்று சொல்வதில் வெட்கம் இல்லை. மகளுக்கு மனநோய் என்று சொன்னால் கலியாணப் பேச்சு நின்றுவிடும் என்ற அச்சம் உண்டு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற பேதமின்றி எமது நாட்டின் எல்லாச் சமூகங்களிலும் இந்த அச்சம் வேரூன்றியுள்ளது. எமது மக்கள் உள்ளத்தின் வேதனையைத் தலையிடியாகவும் நெஞ்சுநோவாகவும் உடல் உளைவாகவும் வைத்தியரிடம் எடுத்துரைப்பதை, போரின் உளத்தாக்கங்களை நெடுங்காலம் ஆராய்ந்த யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் எடுத்துக்காட்டியுள்ளனர். உடலின் மொழியில் பேசுவோருக்கு உடலின் பெயரிலேயே ஒரு நோய் கிடைத்துவிடுகிறது. பெற்றோருக்கும் ஆறுதல், பிள்ளைக்கும் தற்காலிக ஆறுதல். பரீட்சைத் தோல்வி, காதல் முறிவு, வேலையின்மை, வீட்டுக்குள் நிகழும் வன்முறை, வெளிநாடு சென்ற தாயின் பிரிவு ஆகியவற்றைப் பற்றி எவரும் கேட்கவேண்டிய அவசியம் நீங்கிவிடுகிறது.

இதைக் கூறுவதால் குறைபாட்டைப் பொருட்படுத்தவேண்டாம் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. கடுமையான விற்றமின் ‘டி’ குறைபாடு தசைகளைப் பலவீனமாக்கும், எலும்பில் நோவை உண்டாக்கும், எழுந்து நடமாடும் விருப்பத்தையே போக்கிவிடும். அந்த அயர்ச்சியைப் பார்ப்போர் மனச்சோர்வு என எண்ண இடமுண்டு. அத்தகையவருக்கு உரிய அளவில் மருந்து கொடுத்தால் அவர் தெம்படைவார். அது வைத்தியர் பரிசோதித்துத் தீர்மானிக்க வேண்டியது. தாமாகவே வாங்கி விழுங்குவோருக்கு ஆபத்தும் உண்டு. இச்சத்து உடற் கொழுப்பில் தங்குவது, எளிதில் வெளியேறாதது. வாரத்துக்கு ஒன்று என எழுதிக் கொடுக்கப்பட்ட வீரியமான குளிசையை நாளுக்கு ஒன்றாக உட்கொண்டு, இரத்தத்தில் கல்சியம் மிகுந்து, வாந்தியும் சிறுநீரகப் பாதிப்பும் அடைந்தோர் பற்றி மருத்துவச் சஞ்சிகைகள் எழுதியுள்ளன. வளர்ந்தோர் வைத்திய ஆலோசனையின்றி நாளொன்றுக்கு 4,000 அலகுகளைத் தாண்டக்கூடாது என்பது மருத்துவ நிறுவகம் விதித்த வரம்பு.

வெயில் நாட்டில் வெயில் படாத இளையோர் எவ்வாறு உருவாயினர்? க.பொ.த. உயர்தர மாணவரின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் தனியார் வகுப்பு, பின்னர் பாடசாலை, மாலையில் மீண்டும் தனியார் வகுப்பு, இரவில் கைத்தொலைபேசி. சனி, ஞாயிறு தினங்களில் தகரக் கூரையின் கீழ் நூற்றுக்கணக்கானோர் நெருங்கியிருக்கும் மண்டபங்கள். விளையாட்டுப் பாடவேளையைக் கணித ஆசிரியர் இரவல் வாங்கிக்கொள்வது எமது பாடசாலைகளில் புதுமையன்று. ஆடைத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் யுவதி சூரியன் ஏறுமுன் உள்ளே சென்று அது இறங்கிய பின் வெளியே வருகிறார். தோல் கறுத்துவிடும் என்ற பயம் வேறு. வெள்ளைத் தோலே அழகு என்று இரவும் பகலும் ஓதும் களிம்பு விளம்பரங்களுக்கு இக்குறைபாட்டில் பங்கில்லை என்று கூறமுடியாது.

உடலை மூடி உடுத்தும் பெண்களிடம் இக்குறைபாடு கூடுதலாகக் காணப்படுவதை வளைகுடா நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனை ஆடையின் மீதான குற்றச்சாட்டாக மாற்றுவோரும் உள்ளனர். அது அறியாமை. மூடி உடுத்தும் பெண்ணுக்குத் தேவையானது சுற்றுமதிலுக்குள் வெயில் விழும் ஓர் இடமும், வேண்டுமாயின் வைத்தியர் குறிக்கும் சிறிய அளவு மருந்துமே. காத்தான்குடியிலும் கல்முனையிலும் கொழும்பின் நெருக்கமான தெருக்களிலும் காணி துண்டாடப்பட்டு வீடுகள் சுவரோடு சுவராக எழுந்துவிட்டன. பழைய வீடுகளின் நடுவே இருந்த திறந்த முற்றங்களும் பின்வளவுகளும் மறைந்துவிட்டன. பெண்கள் எவர் கண்ணிலும் படாமல் வெயிலில் இருக்கக்கூடிய இடம் இல்லாது போயிற்று. வீட்டமைப்புத் திட்டம் வரைவோர் இதனைக் கவனிப்பதில்லை.

இளையோரின் உளநலம் என்பது எமது நாட்டில் இலேசான விடயமன்று. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவுக்கு உயர்ந்து, உலகிலேயே மிகக் கூடியவற்றுள் ஒன்றாக இருந்தது. மாண்டவர்களுள் இளவயதினர் பெருந்தொகையினர். அடுத்துவந்த இருபது ஆண்டுகளில் அந்த வீதம் ஏறத்தாழ 70 சதவீதத்தால் குறைந்தது. அதற்கு முதன்மையான காரணம், கொடிய பூச்சிநாசினிகளை அரசாங்கம் 1990களின் நடுப்பகுதியிலிருந்து படிப்படியாகத் தடைசெய்தமையே என ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர். பல்லாயிரம் உயிர்களைக் காத்த அந்நடவடிக்கைக்கு எந்தக் குடும்பமும் ஒரு சதம் செலவிடவில்லை. இன்றோ, குடும்பமே பல ஆயிரம் ரூபா செலவிட்டு இரத்தத்தைப் பரிசோதித்து, குளிசைப் போத்தலோடு வீடு திரும்புகிறது. உள்ளத்தைப் பற்றிய கேள்வி அங்கு எழவேயில்லை.

எனவே சுகாதார அமைச்சிடமும் பல்கலைக்கழக நிர்வாகங்களிடமும் நாம் கோருவது பெரிய திட்டம் எதனையும் அன்று. அயர்ச்சி, உறக்கமின்மை, உடல் உளைவு என்று வரும் இளவயதினருக்கு இரத்தப் பரிசோதனைத் துண்டை எழுதுமுன், கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் நாட்டமின்றி இருந்ததா என்று கேட்கும் வழக்கம் வெளிநோயாளர் பிரிவுகளிலும் பல்கலைக்கழகச் சுகாதார நிலையங்களிலும் ஏற்படவேண்டும். உலகெங்கும் கையாளப்படும் இவ்விரண்டு கேள்விகளையும் கேட்க இரண்டு நிமிடம் போதும். ஆம் என்ற விடை வந்தால் அனுப்பிவைக்க மாவட்டங்கள் தோறும் உளநல வைத்திய அதிகாரிகள் இருக்கவேண்டும், அவர்கள் தமிழில் பேசக்கூடியவர்களாகவும் இருக்கவேண்டும். வடக்கு, கிழக்கு, மலையகப் பகுதிகளில் மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு ஓர் இளம்பெண் தன் மனத்தைத் திறந்து பேசுவாள் என எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. பாடசாலைகளில் விளையாட்டுப் பாடவேளையை வேறு பாடங்களுக்குப் பறிப்பதைக் கல்வி அமைச்சு தடுக்கவேண்டும். அதனால் எலும்புக்கும் மனத்துக்கும் கிடைக்கும் நன்மையைத் தனித்தனியே அளந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் எமது உறவுகளின் நிலை வேறு. ஒஸ்லோவிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் குளிர்கால வெயில் தோலில் விற்றமினை ஆக்கப் போதாது. பிரித்தானியச் சுகாதாரத் துறை, தெற்காசியர் உள்ளிட்ட கறுத்த தோலினரும் உடலை மூடி உடுத்துவோரும் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 அலகு, எடுத்துக்கொள்வது பற்றிச் சிந்திக்குமாறு ஆலோசனை கூறுகிறது. அது எலும்புக்காகவும் தசைக்காகவும் கூறப்படும் ஆலோசனை. தனிமையில் வாடும் மாணவனுக்கு அக்குளிசையைத் தபாலில் அனுப்பிவைக்கும் பெற்றோர், அவனோடு தொலைபேசியில் பேசும்போது பரீட்சைப் பெறுபேற்றை மட்டும் கேட்காதிருப்பார்களாக. இங்குள்ளோருக்கு, எண்ணங்கள் கட்டுமீறும் வேளையில் அழைப்பதற்குத் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் உண்டு. பாடசாலை அறிவித்தற் பலகைகளிலும் தனியார் வகுப்பு மண்டபங்களின் வாயிலிலும் அந்த இலக்கத்தைத் தமிழில் பெரிதாக எழுதிவைக்க எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை.